ஐரோப்பிய கலாசார ஒத்துழைப்பும் மேசையில் இடமில்லாதவர்களும்

சில வருடங்களுக்கு முன்னர் டென்மார்க்கின் யூலாந்துப் பகுதியில் உள்ள சிறிய நகரொன்றில் எனது ஒன்றுவிட்ட தம்பியின் வீட்டில் ஒரு வாரகாலம் தங்கியிருந்தேன். சனிக்கிழமை காலையில் அவர் தனது இளைய மகளைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துச்சென்றபோது நானும் கூடவே சென்றேன். வாடகைக்கு எடுக்கப்பட்ட மண்டபமொன்றின் பின்னறையில் இருபது பிள்ளைகள் அளவில் இருந்தார்கள். அவர்களுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தவர் ஒருகாலத்தில் வடமராட்சியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். கிழமை நாட்களில் இறைச்சி பதனிடும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறார். தமிழ் படிப்பிப்பதற்கு அவருக்குச் சம்பளம் எதுவும் கிடையாது. மண்டபத்துக்கான வாடகையைப் பெற்றோர் பங்குபோட்டுச் செலுத்துகிறார்கள்.

வீடு திரும்பும் வழியில் அந்தப் பதினொரு வயதுச் சிறுமி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "பெரியப்பா, என்ரை வகுப்பிலை இருக்கிற போலந்துப் பிள்ளைக்கு அவையின்ரை பாஷை படிக்க கொம்யூன் ரீச்சர் குடுக்குது. எங்களுக்கு ஏன் குடுக்கேல்லை?"

போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, இலங்கை அதில் இல்லை என்று ஏதோ ஒரு பதிலைச் சொல்லிச் சமாளித்தேன். "நான் இங்கைதானே பிறந்தனான்" என்று கூறிவிட்டு அவள் காரின் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள். முப்பது வருடங்களாகப் பத்திரிகைத் தொழிலில் அமைச்சர்களிடமும் இராஜதந்திரிகளிடமும் கேள்விகளைக் கேட்டுப் பழகிய நான் அன்று ஒரு சிறுமிக்கு ஒழுங்கான பதில் சொல்லமுடியாமல் இருந்தேன். அந்தப் பதிலைத் தேடிச்சென்றபோதுதான் ஐரோப்பிய அரசாங்கங்கள் பெருமையுடன் பேசிக்கொள்கின்ற 'கலாசாரத்துறையில் சுயவிருப்பின் அடிப்படையிலான ஒத்துழைப்பு' என்ற ஏற்பாட்டின் உட்பக்கத்தைப் பார்க்கநேர்ந்தது. அதைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

முதலில் சிறுமியின் கேள்விக்கான சட்டப் பதிலைக் கூறிவிடுகிறேன். 1977 ஜூலை 25 ஆம் திகதி அன்றைய ஐரோப்பிய சமூகத்தின் அமைச்சர்கள் சபை புலம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகளின் கல்வி தொடர்பில் ஒரு பணிப்புரையை நிறைவேற்றியது. அந்தப் பிள்ளைகளுக்கு அவர்களது தாய்மொழியையும் தாய்நாட்டின் கலாசாரத்தையும் கற்பிப்பதை ஊக்குவிக்குமாறு அது அங்கத்துவ நாடுகளைக் கட்டுப்படுத்தியது. ஆனால், அங்கத்துவ நாடொன்றின் பிரஜைகளாக இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மாத்திரமே அது பொருந்தும். ஜேர்மனியில் வேலை செய்யும் இத்தாலியரின் பிள்ளை அதற்குள் அடங்கும். துருக்கியரின் பிள்ளை அடங்காது. டென்மார்க்கில் நீண்டகாலமாகச் சகல குடியேறிகளின் பிள்ளைகளுக்கும் தாய்மொழிக் கல்வியை வழங்கவேண்டிய கடப்பாடு நகரசபைகளுக்கு இருந்துவந்தது. 2002 ஆம் ஆண்டில் அந்தக் கடப்பாடு சுருக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தினதும் ஐரோப்பிய பொருளாதார வலயத்தினதும் நாடுகளில் இருந்தும் பரோ தீவுகள், கிறீன்லாந்து ஆகியவற்றில் இருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு மாத்திரமே அது தொடர்ந்தது. ஏனைய பிள்ளைகளுக்கு நகரசபைகள் விரும்பினால் வழங்கலாம். 2004 ஆம் ஆண்டில் நெதர்லாந்தும் அரச செலவிலான தாய்மொழிக் கல்வித்திட்டத்தைக் கைவிட்டது.

'விரும்பினால் வழங்கலாம்' என்ற அந்த இரண்டு சொற்களை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐரோப்பாவின் கலாசார ஒத்துழைப்பின் முழுத் தத்துவமும் அவற்றுக்குள் அடங்கியிருக்கிறது.

ஐரோப்பிய ஒருங்கிணைப்பின் தந்தையர்களில் ஒருவரான ஜோன் மொனே, மீண்டும் தொடங்குவதாக இருந்தால் தான் கலாசாரத்தில் இருந்தே தொடங்குவேன் என்று கூறியதாக ஐரோப்பிய மகாநாடுகளில் அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. அவர் அவ்வாறு கூறியதற்கு எந்தச் சான்றும் இல்லை. அவர் தொடங்கியது நிலக்கரியிலும் உருக்கிலும் இருந்துதான். 1957 ரோம் உடன்படிக்கையில் கலாசாரத்துக்கென்று ஓர் உறுப்புரைகூட இருக்கவில்லை. தேசிய பொக்கிஷங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த நாடுகளுக்கு இடமளிக்கும் ஒரு விதிவிலக்கு மாத்திரமே இருந்தது. அதுவும் வர்த்தகம் பற்றிய அத்தியாயத்தில்! ஆக, ஒருபோதும் சொல்லப்படாத ஒரு வாசகத்தைத் திரும்பத்திரும்ப மேற்கோள் காட்டுவதன் மூலம் ஒருபோதும் செய்யப்படாத ஒரு காரியத்தைச் செய்துவிட்டதான திருப்தியை ஐரோப்பிய அரசியல்வாதிகள் பெற்றுக்கொள்கிறார்கள்.

உண்மையில் கலாசார ஒத்துழைப்பு வேறு ஓர் இடத்திலேயே தொடங்கியது. ஸ்ராஸ்பேர்க்கைத் தலைமையகமாகக் கொண்ட ஐரோப்பிய கவுன்சிலின் (இதை ஐரோப்பிய ஒன்றியத்துடன் குழப்பிக்கொள்ளக்கூடாது) அங்கத்துவ நாடுகள் 1954 டிசம்பரில் பாரிஸில் ஐரோப்பிய கலாசார சமவாயத்தில் கைச்சாத்திட்டன. ஒருவரது மொழியையும் வரலாற்றையும் மற்றவர் கற்பதை ஊக்குவிப்பது அதன் நோக்கம். உலகப்போர் முடிந்து ஒன்பது வருடங்களே கடந்திருந்த வேளையில் அது ஒரு பெரிய காரியம் என்பதில் சந்தேகமில்லை. அடுத்த பெரிய நகர்வு 1985 ஆம் ஆண்டில் வந்தது. நடிகையாக இருந்து கிரேக்கத்தின் கலாசார அமைச்சராக வந்த மெலினா மெர்கூரி முன்வைத்த யோசனையின் பிரகாரம் ஆண்டுதோறும் ஒரு நகரத்தை ஐரோப்பாவின் கலாசார நகரமாகக் கொண்டாடுவதற்கு அமைச்சர்கள் இணங்கினார்கள். முதலாவது நகரம் ஏதென்ஸ். உடன்படிக்கையில் இடமில்லாத ஒன்றை அரசாங்கங்கள் தங்களுக்குள் பேசித் தீர்மானித்துச் செய்தன. கைத்தொழில் வீழ்ச்சியால் களையிழந்திருந்த கிளாஸ்கோ நகரம் 1990 இல் அந்தப் பட்டத்தைப் பெற்றுத் தனது முகத்தையே மாற்றிக்கொண்டது. சுயவிருப்பிலான ஒத்துழைப்பினால் எதுவுமே நடக்கவில்லை என்று கூறுபவன் அல்ல நான்.

1992 பெப்ரவரியில் கைச்சாத்திடப்பட்ட மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையில்தான் கலாசாரம் முதன்முதலாக ஓர் உறுப்புரையைப் பெற்றது. அன்று 128 ஆக இருந்த அது இன்று 167 ஆம் உறுப்புரையாக இருக்கிறது. அங்கத்துவ நாடுகளின் கலாசாரங்கள் மலர்ச்சியடைவதற்கு ஒன்றியம் பங்களிப்புச் செய்யும் என்று அழகாகத் தொடங்கும் அந்த உறுப்புரை, அங்கத்துவ நாடுகளின் சட்டங்களையும் ஒழுங்குவிதிகளையும் ஒருமைப்படுத்துவதற்கு இடமில்லை என்று கையை விரித்து முடிகிறது. ஊக்குவிக்கலாம், பரிந்துரைக்கலாம், பணம் கொடுக்கலாம், கட்டுப்படுத்தமுடியாது. 2009 டிசம்பரில் லிஸ்பன் உடன்படிக்கை நடைமுறைக்கு வரும்வரை அந்த ஊக்குவிப்புக்குக்கூட சகல நாடுகளினதும் ஏகமனதான சம்மதம் தேவைப்பட்டது.

சட்டம் இயற்றமுடியாத இடத்தில் என்ன செய்வது? அதற்கு விடையாக 2007 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணைக்குழு கலாசாரத்துக்கான ஒரு நிகழ்ச்சித்திட்டத்தை வெளியிட்டது. வேலைவாய்ப்பு, சமூகநலன் போன்ற துறைகளுக்காக 2000 ஆம் ஆண்டில் லிஸ்பன் உச்சிமகாநாட்டில் வகுக்கப்பட்ட 'திறந்த ஒருங்கிணைப்பு முறை' கலாசாரத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. அந்த முறை எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமைச்சர்கள் சில வருடங்களுக்கான பணித்திட்டமொன்றை ஏற்றுக்கொள்வார்கள். அதில் உள்ள தலைப்புகளுக்கு நிபுணர்கள் குழுக்கள் அமைக்கப்படும். விரும்பிய நாடுகள் தங்களது நிபுணர்களை நியமிக்கலாம். விரும்பாத நாடுகள் விலகியிருக்கலாம். நிபுணர்கள் பெரும்பாலும் அமைச்சுகளின் உத்தியோகத்தர்கள். பிரசல்ஸில் சில தடவைகள் கூடிப் பேசுவார்கள். இறுதியில் நல்ல நடைமுறைகளின் தொகுப்பு என்று ஓர் அறிக்கை வெளிவரும். அந்த அறிக்கை எந்த அரசாங்கத்தையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. அதன் பரிந்துரைகளைச் செய்யாமல் விட்ட அரசாங்கம் ஏன் செய்யவில்லை என்று எவருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதும் இல்லை. அடுத்த பணித்திட்டம் வரும், அடுத்த குழு அமையும், அடுத்த அறிக்கை வரும். தற்போதைய பணித்திட்டம் 2023 - 2026 காலப்பகுதிக்கு உரியது. இலங்கையில் ஆணைக்குழுக்களின் அறிக்கைகளுக்கு என்ன நடக்கும் என்பதைப் பல தசாப்தங்களாகக் கண்டுவந்த எனக்கு இந்தக் காட்சி அந்நியமானதாகத் தெரியவில்லை. எங்களது அறிக்கைகள் இறாக்கைகளில் தூசி படிந்து கிடக்கின்றன. அவர்களுடையவை இணையத்தளத்தில் அழகான அட்டைப்படங்களுடன் கிடக்கின்றன என்பதுதான் வித்தியாசம்.

இந்த ஏற்பாட்டை ஆதரிப்பவர்கள் முன்வைக்கும் நியாயத்தைப் புறந்தள்ளிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. கலாசாரத்தை மத்தியில் இருந்து கட்டுப்படுத்தினால் என்ன நடக்கும் என்பதை ஐரோப்பா தனது இரத்தத்தினால் அறிந்துகொண்டது. 1933 இல் நாஜி ஆட்சி அமைத்த கலாசார சம்மேளனத்தில் அங்கத்துவம் பெறாமல் ஜேர்மனியில் எந்தக் கலைஞனும் தொழில் செய்யமுடியாதிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் போருக்குப் பின்னரான ஜேர்மனி கலாசார அதிகாரத்தை மாநிலங்களிடம் கொடுத்தது. 1998 ஆம் ஆண்டு வரையில் கலாசாரத்துக்கென்று சமஷ்டி மட்டத்தில் ஓர் ஆணையாளர்கூட அங்கு இருக்கவில்லை. பெல்ஜியத்தில் 1970 அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் கலாசாரம் மொழிச் சமூகங்களின் கைகளுக்குச் சென்றது. இத்தகைய நாடுகள் பிரசல்ஸில் ஒரு கலாசார அமைச்சு உருவாவதை அஞ்சுவதில் அர்த்தம் இருக்கிறது.

அந்த அச்சத்தை எனக்கு எவரும் விளக்கிக்கூறவேண்டியதில்லை. தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த 1956 அரசாங்கமே கலாசார அலுவல்களையும் ஓர் அமைச்சின் பொறுப்பாக்கியது. 'தேசிய கலாசாரம்' என்று அரசு பேசத்தொடங்கும்போது அந்தத் தேசியத்துக்குள் யார் அடங்குவார்கள், யார் வெளியில் நிறுத்தப்படுவார்கள் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எனவே, என்ன பாடலாம், என்ன நடிக்கலாம், எதை எழுதலாம் என்று பிரசல்ஸில் இருந்து கட்டளையிடும் ஓர் அதிகார பீடத்தை நான் கேட்கவில்லை. நான் கேட்பது வேறு. அரசாங்கங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பது கலைஞனின் சுதந்திரமா அல்லது அரசாங்கத்தின் சுதந்திரமா என்பதே எனது கேள்வி.

ஏனென்றால், கலாசாரத் துறையில் கட்டுப்படுத்தும் சட்டத்தைச் செய்யமுடியாது என்ற வாதம் உண்மையல்ல. பண்டமும் பணமும் சம்பந்தப்பட்ட இடங்களில் ஐரோப்பிய ஒன்றியம் தாராளமாகச் சட்டம் செய்திருக்கிறது. இணையவழித் திரைப்பட சேவைகளின் பட்டியலில் குறைந்தபட்சம் 30 சதவீதம் ஐரோப்பியப் படைப்புகளாக இருக்கவேண்டும் என்று 2018 ஆம் ஆண்டில் பணிப்புரை பிறப்பிக்கப்பட்டது. பதிப்புரிமை பற்றிய கடுமையான சட்டம் 2019 இல் வந்தது. ஊடகவியலாளன் என்ற முறையில் என்னை மிகவும் சிந்திக்கவைத்தது 2024 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஊடக சுதந்திரச் சட்டம். பொதுச்சேவை ஊடகங்களின் சுயாதீனத்தையும் செய்தி மூலங்களின் பாதுகாப்பையும் அது சகல அங்கத்துவ நாடுகள் மீதும் கட்டாயமாக்கியிருக்கிறது. வரவேற்கவேண்டிய சட்டம். ஆனால், அது எந்த உறுப்புரையின் கீழ் கொண்டுவரப்பட்டது தெரியுமா? கலாசார உறுப்புரையின் கீழ் அல்ல. உட்சந்தை பற்றிய 114 ஆம் உறுப்புரையின் கீழ். ஒரு பத்திரிகையாளனின் சுதந்திரத்தைப் பாதுகாப்பதற்கு அவனது பத்திரிகை சந்தையில் விற்பனையாகும் ஒரு பண்டம் என்று முதலில் நிரூபிக்கவேண்டியிருந்தது. பண்டமாக இருந்தால் சட்டம். பண்பாடாக இருந்தால் கலந்துரையாடல். இதுதான் அந்த உடன்படிக்கையின் உள்ளார்ந்த தர்க்கம்.

அந்தத் தர்க்கத்தின் விளைவுகளைக் கலைஞர்கள் அனுபவித்தார்கள். 2013 ஜூன் 11 ஆம் திகதி இரவு கிரேக்க அரசாங்கம் தனது பொது ஒளிபரப்பு நிறுவனமான ஈஆர்ரியை மூடியது. நாடெங்கும் தொலைக்காட்சித் திரைகள் கறுத்துப்போயின. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமானோர் வேலை இழந்தனர். மூடுமாறு தாங்கள் கேட்கவில்லை என்றும் அதேவேளை பொதுத்துறையை நிர்வகிப்பதற்குக் கிரேக்க அரசாங்கத்துக்கு இருக்கும் அதிகாரத்தைத் தாங்கள் கேள்விக்குட்படுத்தவில்லை என்றும் ஐரோப்பிய ஆணைக்குழு கூறியது. கிரேக்கத்தின் ஓய்வூதியத்தை எவ்வளவு குறைக்கவேண்டும் என்று ஆலோசனை கூறுவதற்கு இருந்த அதிகாரம் அந்தத் திரைகளை மீண்டும் ஒளிரவைப்பதற்கு இருக்கவில்லை! மீண்டும் அந்த நிறுவனம் அதே பெயரில் இயங்குவதற்கு 2015 இல் ஓர் ஆட்சிமாற்றம் தேவைப்பட்டது.

2017 இல் போலந்தின் கடான்ஸ்க் நகரில் இரண்டாம் உலகப்போர் அருங்காட்சியகம் திறக்கப்பட்ட சில வாரங்களில், அது போதியளவு தேசப்பற்றுடன் இல்லை என்று கருதிய அன்றைய அரசாங்கம் அதை வேறொரு நிறுவனத்துடன் இணைத்து அதன் பணிப்பாளரைப் பதவியில் இருந்து அகற்றியது. 2024 ஆகஸ்டில் சிலோவாக்கியாவின் கலாசார அமைச்சர் அடுத்தடுத்த நாட்களில் தேசிய அரங்கின் தலைவரையும் தேசிய கலைக்கூடத்தின் தலைவரையும் பதவி நீக்கினார். பிராட்டிஸ்லாவா வீதிகளில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு ஆட்சேபித்தார்கள். அதே அரசாங்கங்களின் பிரதிநிதிகள் பிரசல்ஸ் கூட்டங்களில் வழமைபோல் அமர்ந்து நல்ல நடைமுறைகளைப் பற்றிப் பேசுவதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. ஹங்கேரியில் பல்கலைக்கழகங்கள் அரசாங்க ஆதரவாளர்களைக் கொண்ட நம்பிக்கைப் பொறுப்பு மன்றங்களின் கைகளுக்கு மாற்றப்பட்டபோது 2020 இல் நாடக, திரைப்படக் கலைப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் கட்டிடத்தையே ஆக்கிரமித்துப் போராடினார்கள். அவர்களுடைய போராட்டத்தினால் அசையாத ஒன்றியம் 2022 டிசம்பரில் அந்த மன்றங்களுக்குப் புதிய நிதியை வழங்குவதை நிறுத்தியது. அதற்குக் காட்டப்பட்ட காரணமும் கலைச் சுதந்திரம் அல்ல. ஒன்றியத்தின் வரவு செலவுத்திட்டத்தைப் பாதுகாப்பதே அதன் நோக்கம்.

இவையெல்லாம் ஐரோப்பியர்களுக்கு ஐரோப்பிய அரசாங்கங்கள் செய்தவை. மேசையில் அரசாங்கமே இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசமானது. ஐரோப்பிய கவுன்சில் 1992 இல் பிராந்திய, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தைக் கைச்சாத்துக்கு வைத்தது. பிரித்தனி, வேல்ஸ், பிறீசியன் போன்ற மொழிகளைக் காப்பாற்றுவதற்கான உன்னதமான சாசனம் அது. அதன் முதலாவது உறுப்புரையே குடியேறிகளின் மொழிகள் இந்தச் சாசனத்துக்குள் அடங்காது என்று தெட்டத்தெளிவாகக் கூறிவிடுகிறது. சாசனத்தில் சேருவதும் சேராமல் விடுவதும் நாடுகளின் விருப்பம். கிரேக்கம் கைச்சாத்திடவே இல்லை. பிரான்ஸ் 1999 இல் கைச்சாத்திட்டபோதிலும், அதன் அரசியலமைப்புச் சபை சாசனம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2015 இல் செனட் சபை மறுபடியும் நிராகரித்தது. இன்னமும் அந்நாடு அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. தனது சொந்த மண்ணின் பிரித்தன் மொழிக்கே இதுதான் கதியென்றால் பாரிஸின் லா ஷப்பலில் பேசப்படும் தமிழுக்கு யார் சாசனம் எழுதப்போகிறார்கள்?

மொழியில் மாத்திரமல்ல, பொக்கிஷங்களிலும் இதே கதைதான். ஓர் அங்கத்துவ நாட்டின் பிராந்தியத்தில் இருந்து 1993 ஜனவரி 1 ஆம் திகதிக்குப் பிறகு சட்டவிரோதமாக வெளியே கொண்டுசெல்லப்பட்ட கலாசாரப் பொருளைத் திருப்பிக்கொடுப்பது மற்றைய அங்கத்துவ நாடுகளின் சட்டக் கடமை. 1993 இல் வந்து 2014 இல் வலுப்படுத்தப்பட்ட பணிப்புரை அது. மூன்றாம் நாடுகளில் இருந்து களவாகக் கொண்டுவரப்படும் பொருட்களின் இறக்குமதியைத் தடுக்கும் 2019 ஒழுங்குவிதி 2025 ஜூன் மாதத்தில் இருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால், காலனித்துவ காலத்தில் அள்ளிச்சென்று அருங்காட்சியகங்களில் ஏற்கெனவே வைத்திருப்பவற்றை அது தொடவில்லை. அவற்றைத் திருப்பிக்கொடுப்பது ஒவ்வொரு நாட்டினதும் விருப்பம். பிரான்ஸ் 2021 இல் 26 பொருட்களை பெனின் நாட்டுக்குக் கொடுத்தது. ஜேர்மனி 2022 இல் வெண்கலச் சிற்பங்களை நைஜீரியாவுக்குக் கொடுத்தது. நெதர்லாந்து 2023 இல் கண்டி அரசனிடமிருந்து ஒல்லாந்தர் கொள்ளையடித்த பீரங்கி உட்பட ஆறு பொருட்களை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. நெதர்லாந்து அவ்வாறு செய்தமைக்கு நன்றி சொல்லலாம். ஆனால், கொள்ளையடித்த பொருளைத் திருப்பிக் கொடுப்பவருக்கு உரிமையாளன் நன்றி சொல்லவேண்டியிருக்கும் ஓர் ஒழுங்கில் ஏதோ பிழை இருக்கிறது என்பதை எவரும் மறுக்கமுடியாது.

1977 ஆம் ஆண்டின் பிள்ளைகளையும் 1993 ஆம் ஆண்டின் பொக்கிஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தங்களுக்குள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளவேண்டியவற்றுக்குச் சட்டம். மற்றவர்களுக்குச் செய்யவேண்டியவற்றுக்கு நல்லெண்ணம். சுயவிருப்பு என்பது எப்போதும் பலமுள்ளவனின் விருப்பமாகவே இருக்கிறது. கேட்பவனுக்கு அதில் விருப்பம் என்று ஒன்று கிடையாது.

வெளியுலகத்துக்கு ஐரோப்பா பேசும் மொழி வேறு. 2005 ஆம் ஆண்டு யுனெஸ்கோவில் கலாசார வெளிப்பாடுகளின் பல்வகைமையைப் பாதுகாப்பதற்கான சமவாயம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது 148 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்காவும் இஸ்ரேலும் மாத்திரம் எதிர்த்தன. அந்தச் சமவாயத்துக்காக முன்னின்று பாடுபட்டவற்றில் பிரான்ஸ் முக்கியமானது. ஐரோப்பிய சமூகமும் 2006 இல் அதில் ஒரு தரப்பாக இணைந்துகொண்டது. ஹொலிவூட்டின் ஆதிக்கத்துக்கு எதிராகக் கலாசாரப் பல்வகைமை ஒரு சர்வதேச சட்டக் கோட்பாடாக மாறியது. ஹொலிவூட்டுக்கு முன்னால் சிறுபான்மையாக நின்று பல்வகைமையைக் கோரும் பிரான்ஸ், தனது பாடசாலை வாசலில் நிற்கும் பிள்ளைகளின் முன்னால் பெரும்பான்மையாக நின்று அதை மறந்துவிடுகிறது. சிறுபான்மையாக இருக்கும்போது ஒரு நீதி, பெரும்பான்மையாக இருக்கும்போது இன்னொரு நீதி என்பதை இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

2017 இல் திறந்த ஒருங்கிணைப்பு முறையின் கீழ் இயங்கிய நிபுணர் குழுவொன்று குடியேறிகள், அகதிகள் நெருக்கடியின் பின்னணியில் கலாசாரமும் கலைகளும் எவ்வாறு கலாசாரங்களுக்கிடையிலான உரையாடலை ஊக்குவிக்கமுடியும் என்று ஓர் அறிக்கையை வெளியிட்டது. பல நாடுகளின் நல்ல முயற்சிகளின் உதாரணங்கள் அதில் இருக்கின்றன. ஆனால், அந்த அறிக்கையினால் ஓர் அகதிப் பிள்ளைக்காவது தனது மொழியைப் படிக்கும் உரிமை கிடைக்கவில்லை. கிடைக்கவும் முடியாது, ஏனென்றால் உரிமை வழங்குவது அந்த முறையின் வேலை அல்ல.

பணமாவது இருக்கிறதா என்றால் அதுவும் சொற்பமே. 2021 - 2027 காலப்பகுதிக்கான 'படைப்பாக்க ஐரோப்பா' திட்டத்துக்கு ஏழு வருடங்களுக்கும் சேர்த்து 244 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. ஒன்றியத்தின் ஏழாண்டு வரவு செலவுத்திட்டத்தில் அது ஆயிரத்துக்கு இரண்டு பங்கு அளவிலானது. அதுவும் திரைப்படத்துறை, இசை, நாடகம், இலக்கிய மொழிபெயர்ப்பு என்று அனைத்துக்கும் சேர்த்து. 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு கலாசாரத்துக்கான 'திசைகாட்டி' என்று ஒரு புதிய ஆவணத்தை வெளியிட்டது. திசைகாட்டி திசையைக் காட்டும். நடக்கவேண்டியது யார் என்று அது சொல்வதில்லை. 167 ஆம் உறுப்புரை அப்படியே இருக்கும்வரை எத்தனை திசைகாட்டிகள் வந்தாலும் நடப்பதும் நடக்காமல் விடுவதும் அரசாங்கங்களின் விருப்பமே.

அப்படியானால் என்ன செய்யலாம்? உடன்படிக்கையைத் திருத்துவதற்கு 27 நாடுகளும் இணங்கவேண்டும். அது நடக்கக்கூடிய காரியமாகத் தெரியவில்லை. ஆனால், உடன்படிக்கையைத் தொடாமலே செய்யக்கூடியவை மூன்று இருக்கின்றன. முதலாவது, பணித்திட்டத்தில் கையெழுத்திடும் ஒவ்வோர் அரசாங்கமும் நிபுணர்களின் பரிந்துரைகளில் எவற்றைச் செய்தது, எவற்றைச் செய்யவில்லை, ஏன் செய்யவில்லை என்று பகிரங்கமாக எழுத்துமூலம் பதிலளிக்கவேண்டும். கட்டாயப்படுத்தாவிட்டால் பரவாயில்லை, வெட்கப்படுவதற்காவது ஒரு சந்தர்ப்பத்தைக் கொடுக்கவேண்டும். இரண்டாவது, நிபுணர் குழுக்களில் அமைச்சு உத்தியோகத்தர்களுக்குப் பக்கத்தில் அரசாங்கமே இல்லாத மொழிச் சமூகங்களுக்கும் ஆசனம் வழங்கவேண்டும். மூன்றாவது, கலாசார நிறுவனங்களின் சுயாதீனத்தை மதிக்காத அரசாங்கங்களுக்குக் கலாசார நிதியத்தின் முகாமைத்துவத்தில் இடமில்லை என்று அறிவிக்கவேண்டும். ஹங்கேரி விவகாரத்தில் பணத்தைப் பாதுகாப்பதற்காகச் செய்யமுடிந்ததைக் கலையைப் பாதுகாப்பதற்காகவும் செய்யமுடியும்.

முன்மாதிரியைத் தேடி வெகுதூரம் செல்லவேண்டியதும் இல்லை. சுவீடனில் 1977 ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தில் இருந்து குடியேறிகளின் பிள்ளைகளுக்கும் பாடசாலைகளில் தாய்மொழிக் கல்வி வழங்கப்பட்டுவருகிறது. போதிய மாணவர்கள் இருக்கவேண்டும், தகுதியான ஆசிரியர் கிடைக்கவேண்டும் போன்ற நிபந்தனைகள் உண்டு. ஆனால், பிள்ளையின் பெற்றோர் எந்த நாட்டின் பிரஜை என்ற கேள்வி அங்கு தீர்மானிக்கும் கேள்வி அல்ல. அதனால் சுவீடிஷ் மொழி அழிந்துபோகவில்லை. பாலத்துக்கு அப்பால் இருக்கும் டென்மார்க் 2002 இல் எடுத்த முடிவை எந்த நல்ல நடைமுறைத் தொகுப்பும் மாற்றவில்லை என்பது சுயவிருப்பிலான ஒத்துழைப்பின் பலத்தைப் பற்றி எனக்குப் போதிய சாட்சியம்.

எங்களவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்கமுடியாது. புலம்பெயர்ந்த எமது சமூகம் தனது சனிக்கிழமைப் பாடசாலைகளைத் தன் உழைப்பினால் கட்டியெழுப்பியிருக்கிறது, அது பெருமைக்குரியது. ஆனால், அந்தப் பெருமையே எங்களை மௌனமாக்கிவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கு நாங்களே படிப்பிப்போம் என்று கூறிக்கொண்டு, வரி செலுத்தும் பிரஜைகளாக நகரசபையிடம் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டோம். துருக்கியரும் அரபியரும் சோமாலியரும் எதிர்நோக்கும் பிரச்சினையும் இதுவே. அவர்களுடன் சேர்ந்து ஒரு மனுவிலாவது நாங்கள் கையெழுத்திட்டோமா? மண்டப வாடகையைப் பங்குபோடத் தெரிந்த நாங்கள் அரசியல் கோரிக்கையைப் பங்குபோடக் கற்றுக்கொள்ளவில்லை.

அந்தச் சிறுமி இப்போது வளர்ந்துவிட்டாள். உயர்கல்வி கற்கிறாள். தமிழ் வாசிக்கத் தெரியும், எழுதுவது சிரமம் என்று அவளது தந்தை தொலைபேசியில் கூறினார். அவளுக்குப் படிப்பித்த ஆசிரியர் முதுகுவலி காரணமாக வகுப்பை நிறுத்திவிட்டார். அவரது இடத்துக்கு எவரும் முன்வராததால் வகுப்பே நின்றுபோய்விட்டதாம். அவரைக் குறைகூற எவருக்கும் உரிமை இல்லை. அவர் இருபது வருடங்களாகத் தன் விருப்பத்தின் பேரில் செய்தார். ஒரு மனிதன் தன் விருப்பத்தின் பேரில் செய்வது தியாகம். ஓர் அரசாங்கம் தன் கடமையைத் 'விருப்பம்' என்று பெயர்மாற்றிக்கொண்டு செய்யாமல் விடுவதற்கு வேறு பெயர் இருக்கிறது.

"எங்களுக்கு ஏன் குடுக்கேல்லை?" என்று அன்று அவள் கேட்ட கேள்விக்கு இன்று என்னிடம் பதில் இருக்கிறது. கொடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை மகளே. கொடுக்க விரும்பலாம் என்று மாத்திரமே இருக்கிறது. அவர்கள் விரும்பவில்லை.